கூக்காலுக்குக் கூகுள் வழி சொல்லலாமா?

கூக்கால் குகையைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் நாற்பது வரி எழுதியிருக்கலாம் போலிருக்கிறது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க மலைக்கே.

கே: குகை சரியாக எங்கே இருக்கிறது? சொன்னால் வருகிற சனி, ஞாயிறு நண்பர்களோடு போய்வருவோம். (மதுரை வாசகர்)

ப: ஊருக்கு வழி சொல்கிறேன். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி, மன்னவனூர் போகும் திசையில் சுமார் 40 கி.மீ. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிக்கட்டு நிலங்கள், ஓர் ஏரி, ஏரிக்கு மேலே சோலைக்காடு. ஊருக்கு எல்லோரும் போகலாம். குகைக்கு வழியை மட்டும் இந்தப் பக்கத்தில் அச்சிட மாட்டேன். அந்த வழி தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு, அவர்களோடு போகிறவருக்கு என் குறிப்பு தேவைப்படாது. கேட்காமல் போகிறவருக்கு என் குறிப்பு கிடைக்கக் கூடாது.

கே: கூகுளில் தேடினால் கிடைக்கப் போகிறது. நீங்கள் மறைத்து என்ன லாபம்? (கோவை வாசகர்)

ப: லாபம் உண்டு. வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்த இடத்துக்கு முதலில் இருசக்கர வண்டி வரும். பின்னால் வேன் வரும். அதன்பின் தண்ணீர் பாட்டில் விற்கும் கடை வரும். இடத்தைச் சொல்லாமல் இருப்பதை அமெரிக்கா 1988-லேயே சட்டமாக்கியது. அங்கே மத்திய அரசு நிலத்தில் இருக்கும் முக்கியமான குகைகளின் துல்லியமான இருப்பிடத்தை அதிகாரிகள் பொதுவில் வெளியிடக் கூடாது. தகவல் அறியும் உரிமையைப் பெரிதாக மதிக்கும் நாடு அது. அதுவே குகை விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறது. பத்திரிகைக்காரர்களும் படம் எடுத்துப் போடும் தம்பிகளும் அந்தச் சுயக்கட்டுப்பாட்டைப் பழகினால் நல்லது.

கே: ஹவாய் தீவில் எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குகைக்குள் நடந்தோம். பழனிமலையிலும் அப்படி உண்டா? (அமெரிக்காவில் வசிக்கும் வாசகி)

ப: இல்லை அம்மா. எரிமலைக் குழம்பு ஓடும்போது மேல்பக்கம் காற்றுப் பட்டு இறுகி ஓடாகிவிடும். உள்ளே இருக்கும் குழம்பு ஓடி வடிந்ததும் நீளமான சுரங்கம் மிஞ்சும். ஹவாயின் கஸுமுரா குகை அப்படி 65 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. நம் நாட்டில் எரிமலைக் குழம்பு பரவிய நிலம் மகாராட்டிரத்தை மையமாகக் கொண்ட தக்காணம். அது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடர் அதைவிட மிக மிகப் பழையது. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சார்னோக்கைட் என்ற பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடக்கும் கல் இந்த வகைதான். நம் பல்லாவரம் பக்கமிருந்து போன கல்லாகக் கருதுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தார்.

இந்தப் பாறையில் விரிசல் விழும். விரிசலுக்குள் மழைநீர் இறங்கி ஆயிரமாயிரம் ஆண்டு அரிக்கும். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே பிளவு ஆழமாகப் போனால் கொடைக்கானலின் குணா குகை மாதிரி. அடிப்பாகம் அரித்துப் போய் மேல்பாறை கூரையாக நீண்டு நின்றால் கூக்கால் மாதிரி.

கே: அப்படியானால் கூக்காலில் இருப்பதைக் குகை என்றே சொல்லக் கூடாதோ? (திண்டுக்கல் வாசகர்)

ப: தாராளமாகச் சொல்லுங்கள். இருட்டுக்குள் தவழ்ந்து போகும் சுரங்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெரிய பாறை முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனடியில் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கலாம். மலைக்காரர்கள் புடவு என்பார்கள். பளியர் பழங்குடியினர் தங்கி வாழ்ந்த புடவுகள் என்று இவற்றைச் சொல்வது வழக்கம். கொடைக்கானல் என்ற கோடைவாசத்தலம் உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மலையின் குளிரைத் தாங்கி, தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் கட்டடம் எழுப்பவில்லை. பாறை ஏற்கெனவே கட்டி வைத்திருந்ததைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நினைவுச் சின்னம் என்றால் கோபுரமும் கல்வெட்டும் வேண்டும் என்று பழகிப்போன நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

கே: இப்போது யாரும் குடியிருக்கவில்லையே. காலி இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? (திருப்பூர் வாசகர்)

ப: உங்கள் பாட்டி வாழ்ந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து கூடத்தில் அடுப்பு மூட்டி, பிரியாணி கிண்டி, எலும்பை மூலையில் வீசிவிட்டுப் போனால் என்ன குறையும் என்று கணக்குப் போடுவீர்களா?

இன்னொன்று. புடவின் தரையில் மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். பழைய அடுப்புச் சாம்பல், கல் சில்லு, பானை ஓடு எல்லாம் அந்த அடுக்குகளில்தான் கிடக்கும். ஆராய்ச்சியாளர் ஒருநாள் வந்து படிக்க வேண்டிய ஏடு அந்த மண். அதன்மேல் புதிதாகத் தீ மூட்டிக் கிளறிவிட்டால் பழைய கரி எது, போன வாரக் கரி எது என்று பிரிக்கவே முடியாது.

கே: பளியர்கள் யாரும் எதிர்த்துப் பேசியதாகத் தெரியவில்லையே. அவர்களுக்கே ஆட்சேபணை இல்லாதபோது உங்களுக்கு ஏன்? (சென்னை வாசகர்)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் பக்கம் முழுவதையும் ஒதுக்கினேன்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார். அவர் திரும்பத் திரும்ப எழுதிய விஷயம் ஒன்று. பளியர்கள் மோதலை விரும்பாதவர்கள். சிறு குழந்தையைக்கூட அதட்டி அடக்குவதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள். யாராவது அவமதித்தால் சண்டைக்கு நிற்க மாட்டார்கள், பேசாமல் விலகிப் போய்விடுவார்கள். சமவெளியிலிருந்து வந்தவர்கள் நெருக்கியபோதெல்லாம் அவர்கள் செய்ததும் அதுதான். இன்னும் உள்ளே, இன்னும் மேலே என்று நகர்ந்துகொண்டே போனார்கள்.

ஆகவே அவர்கள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நாம் அவர்களைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று பொருள். வாய்விட்டுச் சண்டை போடும் ஊரில் ஆட்சேபணை வரும்வரை காத்திருக்கலாம். சண்டை போடாத மக்களிடம் நாம்தான் முன்னே போய், உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது, எந்தப் பாறை சாமிக்குரியது, எந்த மாதத்தில் வேண்டாம் என்று. பளிச்சியம்மனைக் கும்பிடுகிற மக்களுக்குக் கோயில் என்பது நான்கு சுவருக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. பலகை வைக்காத கோயிலை வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உடன் ஒருவர் வந்து சொன்னால்தான் உண்டு.

கே: எதற்கு வம்பு? குணா குகைக்குப் போட்ட மாதிரி இங்கேயும் கம்பி வேலி போட்டுவிட்டால்? (எர்ணாகுளத்திலிருந்து ஒரு தமிழ் வாசகர்)

ப: குணா குகைக்கு வேலி அவசியம். அதை அகற்றச் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 1821-இல் பழனிமலையை அளக்க வந்த வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி குறித்து வைத்த இடம் அது. பேயின் சமையலறை என்று பெயர். 1991-இல் 'குணா' படம் வந்தபின் படத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. பாறைகளுக்கு நடுவே அடி தெரியாத பிளவுகள். 2006 வரை விழுந்தவர்கள் மீண்டதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு உங்கள் ஊர்ப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் விழுந்தார். அவருடைய நண்பரே கயிறு கட்டி இறங்கி உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் அந்தச் சம்பவம் மலையாளப் படமாக வந்ததும் குணா குகைக்குக் கூட்டம் குவிந்தது. தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்தவரைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு, நண்பர்களை அதே குழிக்கு அழைத்துப் போவதை என்னவென்று சொல்வது!

கூக்கால் கதை வேறு. அங்கே பயப்பட வேண்டியது பள்ளத்தை அல்ல. வருகிறவர்கள் இடத்துக்குச் செய்யும் சேதத்தைத்தான். வேலி போட்டால் மழைக்கு ஒதுங்கும் மேய்ப்பரும் தேனெடுக்கும் பளியரும்தான் முதலில் வெளியே நிற்பார்கள். வெளியூர்க்காரர் கம்பியை வளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். கம்பிக்குப் பதில் கூட வருகிற ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கே: இ-பாஸ்தான் இருக்கிறதே, போதாதா? (கரூர் வாசகர்)

ப: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நல்ல காரியம். ஆனால் அது மலையேறும் சக்கரங்களை எண்ணுகிறது. ஒரு புடவில் எத்தனை காலடி விழுகிறது என்பதை எண்ணாது. கொடைக்கானலின் நட்சத்திர ஏரியைச் சுற்றி நெரிசல் என்றால் வண்டிகள் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று பரவத்தான் செய்யும்.

கே: இலங்கையின் சிகிரியாவில் ஆயிரம் வருடத்துக்கு முன் வந்தவர்கள் சுவரில் எழுதியதை ஆராய்ச்சி செய்து கொண்டாடுகிறார்கள். நான் என் பெயரை எழுதினால் மட்டும் குற்றமா? (யாழ்ப்பாண வாசகர்)

ப: சுறுக்கென்று கேட்டீர்கள். கண்ணாடிச் சுவர் என்று பெயர்பெற்ற அந்தச் சுவரில் எழுதியவர்கள் தங்கள் பெயரோடு கவிதையும் எழுதினார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956-இல் வெளியிட்டார். நீங்களும் கவிதை எழுதுங்கள், காகிதத்தில். சுவர் ஒன்றுதான் இருக்கிறது. இன்று எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் அன்று எழுதியதன் மேல்தான் விழும். 1967-இல் அதே சிகிரியாவின் ஓவியப் பெண்கள்மேல் யாரோ பச்சைச் சாயத்தை ஊற்றினார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்ற நிபுணர் வந்து மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கமும் இதற்கு விலக்கில்லை. நீலகிரியில் கீழ்க்கோத்தகிரிக்குக் கீழே கரிக்கியூரில் தமிழகத்தின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. மலையேற்றம் வந்தவர்கள் அதன்மேலும் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். காதலியின் பெயரை அழியாமல் காக்க ஆயிரம் வழி உண்டு. பாறை அதில் ஒன்றில்லை.

கே: எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வந்தால்? (கும்பகோணம் வாசகி)

ப: திறந்த புடவு என்றால் பெரும்பாலும் சரி. மூடிய குகை என்றால் அதுவும் போதாது. பிரான்சின் லாஸ்கோ குகை 1948-இல் மக்களுக்குத் திறந்தது. ஒரு நாளைக்கு 1,200 பேர் வரை வந்தார்கள். யாரும் ஓவியத்தைச் சுரண்டவில்லை, மூச்சுதான் விட்டார்கள். அந்த மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சூடும் சேர்ந்து பாசி பிடிக்க வைத்தன. 1963-இல் மூடிவிட்டார்கள். 1983-இல் பக்கத்திலேயே அசல் போல நகல் குகை கட்டி அதைத்தான் காட்டுகிறார்கள். பதினேழாயிரம் ஆண்டு தாங்கியது பதினைந்து ஆண்டுச் சுற்றுலாவைத் தாங்கவில்லை.

கே: குகையில் வௌவால் நாற்றம் தாங்க முடியவில்லை. புகை போட்டு விரட்டினால் சுத்தமாக இருக்காதா? (தேனி வாசகர்)

ப: தேனிக்காரரா இப்படிக் கேட்பது! உலகின் மிக அரிய பழந்தின்னி வௌவால்களில் ஒன்று உங்கள் மேகமலையில்தான் முதலில் கிடைத்தது. 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்துக் கொடுத்தார். அது புது இனம் என்று யாருக்கும் தெரியவில்லை. 24 வருடம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லாங்யா அதைப் புதியது என்று கண்டறிந்து சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். குகையிலும் பாறை இடுக்கிலும் அடையும் இனம் அது. நீங்கள் புகை போட நினைக்கும் இருட்டில் என்ன தொங்குகிறது என்று தெரியாமல் தீப்பெட்டியை எடுக்க வேண்டாம்.

கே: வெள்ளகெவியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெளியூர்க்காரருக்கும் அந்தக் கட்டுப்பாடு நியாயமா? (ஈரோடு வாசகர்)

ப: மிகவும் நியாயம். கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊரே கோயில்களுக்கு நடுவில் அமைந்தது. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வருகிறவர்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். காவலர் இல்லை, அபராதச் சீட்டு இல்லை. ஊர் சொன்னது, வந்தவர் கேட்டார்.

கலிபோர்னியாவில் லாவா பெட்ஸ் என்ற எரிமலைக் குகைப் பூங்காவிலும் வாசலில் செருப்பைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். இந்தக் காலணியோடு வேறு குகைக்குள் போயிருக்கிறீர்களா என்று. வட அமெரிக்காவில் 2006 முதல் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற பூஞ்சை காலணி வழியாகவும் பரவும் என்பதால் அந்த விசாரணை. ஓரிடத்தில் பக்தி, இன்னோரிடத்தில் விஞ்ஞானம். இரண்டும் வந்தவரை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வைக்கின்றன. கூக்காலுக்கும் அந்த ஒரு நிமிடம் வேண்டும்.

கே: மலையில் கல்திட்டைகள் நிறைய உண்டாமே. அவற்றின் கதி? (பழனிக் கல்லூரி மாணவி)

ப: பேத்துப்பாறை, தாண்டிக்குடி என்று மலை முழுக்க உண்டு. ஆங்கிலாடு, நியூட்டன் என்ற இரு சேசு சபைக் குருமார்கள் மலை மலையாக ஏறி அளந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று தேடிப் போனால் பல இடங்களில் பலகைக்கல் பெயர்ந்து கிடக்கும். புதையல் ஆசையும் கட்டடக் கல் தேவையும் செய்த வேலை. நீங்கள் வரலாறு படிக்கிறவரானால், அந்த நூலில் சொன்ன கல்திட்டைகளில் இன்று எவை நிற்கின்றன என்று உங்கள் வகுப்பே ஒரு பட்டியல் எடுக்கலாம். இருப்பிடத்தைத் தொல்லியல் துறைக்குக் கொடுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு வேண்டாம்.

கே: கூட்டம் வந்தால்தான் எங்கள் பூண்டும் விற்கும், பையன்களுக்கும் வேலை கிடைக்கும். நீங்கள் டவுனில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்கிறீர்கள். (கூக்கால் பக்கத்திலிருந்து ஒருவர்)

ப: வேண்டாம் என்று நான் சொன்னால் அது அநியாயம், அண்ணாச்சி. உங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தேடி வருகிறவர் வரட்டும். நான் கேட்பது, காசு யார் கைக்குப் போகிறது என்பதை. வெளியூர் விடுதிக்காரர் ஜீப் வைத்து ஆளைக் கூட்டிவந்து, உங்கள் ஊர்ப் புடவுகளைக் காட்டிவிட்டு, குப்பையை உங்களுக்கு விட்டுவிட்டுப் போனால் அதில் உங்கள் பையன்களுக்கு என்ன வேலை?

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போன 23 பேர் இறந்த பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு அரசே மலையேற்றத் திட்டமும் தொடங்கியது. முன்பதிவு, ஆள் வரம்பு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. கூக்காலுக்கும் அந்த மாதிரி ஒன்றை ஊரும் பளியர்களும் சேர்ந்து கேட்டு வாங்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதை நீங்கள் சொல்லுங்கள். அடைமழைக் காலத்திலும் தேன் எடுக்கும் காலத்திலும் மூடுங்கள். எல்லாப் புடவுகளையும் காட்ட வேண்டாம், ஒன்றைக் காட்டுங்கள். வருகிற காசில் பளியர்களுக்குச் சரிபங்கு எழுத்தில் இருக்கட்டும்.

கே: ஊர் சொல்வதை யார் கேட்பார்கள்? சட்டத்தில் இடம் உண்டா? (வத்தலக்குண்டு வழக்கறிஞர்)

ப: உங்களுக்குத் தெரியாததா! 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். காட்டில் வாழும் மக்களின் பண்பாட்டு, இயற்கை மரபைப் பாதிக்கும் அழிவுச் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரம் உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் உண்டு. 2013-இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 கிராம சபைகளும் எங்கள் சாமி மலை, வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டபின் அதற்குள் நுழைய வனத்துறை அனுமதியும் வேண்டும். ஆக வனத்துறையும் கிராம சபையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும், புதுச் சட்டம் வேண்டியதில்லை. மலைக் கிராமங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மனு எழுதிக் கொடுக்க உங்களால் முடியுமா?

கே: நான் அரசுப் பள்ளி ஆசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

ப: கட்டாயம் போங்கள். கொரியாவின் ஜெஜு தீவில் மஞ்சாங்குல் என்ற எரிமலைக் குகையை 1946-இல் நுழைந்து ஆராய்ந்தவர்கள் பூ ஜோங்ஹ்யூ என்ற பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும்தான். இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதி. 7.4 கி.மீ. நீளத்தில் மக்களுக்குத் திறந்துவிட்டது 1 கி.மீ. மட்டுமே. மீதி இருட்டாகவே இருக்கிறது. அந்தத் தொகுதியின் வேறு சில குகைகளுக்கு ஆராய்ச்சியாளர் தவிர யாரும் போக முடியாது. பார்க்கக் கிடைத்த அந்த ஒரு கி.மீ.யே போதும் என்று கூட்டம் வரிசையில் நின்றது.

முதலில் கொடைக்கானலில் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போய் மலையின் செடி, விலங்கு, கல்திட்டைப் பொருள்களைக் காட்டிவிடுங்கள். கொடைக்கானல் வனக்கோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். கூக்காலில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உள்ளூர்க்காரர். பேசுவது அவராக இருக்கட்டும், அவருக்கு ஊதியமும் கொடுத்துவிடுங்கள். அட்டைப் பூச்சிக்கு உப்பும், மழைக்கு மாற்றுத் துணியும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் அவரிடம் கேட்ட கேள்விகளை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அவற்றைப் போடுகிறேன்.